முத்துமாரி கொடுத்த சம்மதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் துளிகூட நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது என்றுதான் சொல்வேன், ஆனால் முன்பு சொன்ன தைரியத்தோடு சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சின்ன வயதில் வேலியோரம் ஏதோ அசைகிறது என்று நான் அலறினால், அப்பா டார்ச் லைட்டைக் கையில் கொடுத்து, "போயி என்னன்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்பார். போய்ப் பார்த்தால் கிழிந்த சாக்குப்பையாக இருக்கும். அப்படி வளர்ந்தவள் நான், யாராவது பேய்க் கதையை ஆரம்பித்தால் முதல் ஆளாகக் கேலி செய்கிறவளும் நான்தான். ஆகவே நீங்கள் கேலி செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், முழுதாகக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நடுராத்திரி, சுடுகாடு, சலங்கைச் சத்தம் இதெல்லாம் இதில் வராது. எல்லாமே ஊர் விழித்திருக்கும் நேரத்தில் நடந்தது.

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். காலண்டர், வெடி லேபிள், தீப்பெட்டி லேபிள் எல்லாம் போடுகிறோம். படம் எடுப்பதும் நான், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் சீர் செய்வதும் நான். சில வருஷங்களுக்கு முன் ஒரு காலண்டரில் எங்கிருந்தோ கிடைத்த ஒரு குழந்தைப் படத்தை யாரோ போட்டுவிட, அந்தக் குழந்தையின் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கி, சாயங்காலம் வரை அச்சக வாசலை விட்டு நகரவில்லை. அன்றிலிருந்து முதலாளிக்கு ஒரே பாட்டுத்தான், சம்மதம் வாங்காத மூஞ்சி நம்ம மெஷினில் ஏறக் கூடாது.

எனக்கு அது சிரமமாகவே இல்லை, ஏனென்றால் நான் முன்பே அப்படித்தான். தெருவில் யாரையாவது படம் எடுத்தால் உடனே பக்கத்தில் போய்த் திரையைக் காட்டுவேன். வேண்டாம் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். சரி என்றால் எதற்கு, எங்கே, எப்படி அச்சாகும் என்று விளக்கிச் சொல்லி, அவர்கள் வாயாலேயே சம்மதம் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்வேன். கூட வேலை செய்கிறவர்கள், நீ என்ன பத்திர ஆபீஸா நடத்துகிறாய் என்று கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும், ஒருத்தர் முகத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது அவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைகிற மாதிரி என்பது என் கட்சி. இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்றால், முத்துமாரி என்கிற பெண்ணின் விஷயத்தில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. அதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் மீதியைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

எங்களுக்கு வழக்கமாக ஆர்டர் கொடுக்கும் ஒரு பட்டாசு கம்பெனி. ஒற்றை வெடி ஒன்று போடுகிறார்கள், விரல் நீளக் குழல், ஒவ்வொன்றின் மேலும் ஒரு லேபிள் ஒட்டி வரும். ரொம்பக் காலமாக அதில் ஓர் அம்மன் படம்தான். சாமி படம் வெடித்துச் சிதறி, காலில் மிதிபட்டு, குப்பையில் போகிறதே என்று வடக்கே கடைக்காரர்கள் வாங்க யோசிக்கிறார்கள், மாற்றுங்கள் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான் என்று எங்களுக்கும் பட்டது. சாமிக்குப் பதிலாக நன்றாகச் சிரிக்கிற ஒரு பெண்ணின் முகம், நடிகை மாதிரி இருக்கக் கூடாது, நம் ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், இதுதான் ஆர்டர். சாமி சிதறக் கூடாது என்று எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மனுஷியை வைக்கிறோமே என்று கம்பெனியிலும் யாருக்கும் தோன்றவில்லை, முதலாளிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது தோன்றாது, வெடி என்றால் எங்களுக்குச் சோறு.

பங்குனி மாதம், காரியாபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். விடியற்காலை முகூர்த்தம். முடித்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது, மல்லாங்கிணறு தாண்டி ரோட்டோரம் பெண்கள் வரிசையாகக் கம்பெனி வேனுக்கு நின்றுகொண்டிருந்தார்கள், கையில் தூக்குவாளி, தலையில் கொஞ்சம் பூ. அதில் ஒருத்தி பக்கத்தில் நின்றவளின் போனில் எதையோ பார்த்துவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அடேயப்பா, அப்படி ஒரு சிரிப்பு. வண்டியை நிறுத்திய வேகத்தில் நான் விழப் பார்த்தேன். ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். போய்க் காட்டினேன்.

"எக்கா, இது நானாக்கா?" என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இம்புட்டு அழகாவா இருக்கேன்?"

அவள்தான் முத்துமாரி. வேறொரு பட்டாசு கம்பெனியில் குழலுக்குள் வெடிமருந்து செலுத்துகிற வேலை. புருஷன் கருப்பசாமி லாரிக்கு லோடு ஏற்றப் போகிறவர். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, யாழினி. மறுவாரம் அவள் வீட்டுக்கே போய், இந்தப் படம் வெடியின் மேல் ஒட்டப்படும், வெடி வெடிக்கும், காகிதம் கிழிந்து போகும், எல்லாம் சம்மதமா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டேன். கருப்பசாமி வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டே, "வீட்டுலயும் வெடிதான், வெளியிலயும் வெடியா? நாடு தாங்காது" என்றார். அவள் அவரை முறைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் போனைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்: "எம் பேரு முத்துமாரி. என் மூஞ்சிய வெடியில போட்டுக்கிட எனக்குச் சம்மதம்." சொல்லி முடித்ததும் வெட்கம் வந்து குழந்தையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். கம்பெனி சார்பில் ஒரு பட்டுச் சேலை வாங்கிக் கொடுத்தோம்.

ஆனி மாதம் லேபிள் அச்சாகிப் போனது. கொஞ்ச நாளில் ஆர்டர் கொடுத்த கம்பெனியின் போர்மேன் சுப்பையா அண்ணாச்சி போன் செய்து, பேப்பரில் ஏதோ கோளாறு, நேரில் வா என்றார். போனேன். புதுச் சரக்கு வந்தால் கம்பெனிக்குப் பின்னால் உள்ள பொட்டலில் சிலவற்றை வெடித்துப் பார்ப்பார்கள். அண்ணாச்சி எனக்கு முன்னால் ஒன்றைப் பற்ற வைத்தார். சத்தம் சரியாகத்தான் வந்தது. குழல் தூள்தூளாகப் போனது. புகை அடங்கியதும் அவர் நடந்து போய்த் தரையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். லேபிளின் ஓரமெல்லாம் கருகிப் போயிருந்தது. முத்துமாரியின் முகம் மட்டும் வட்டமாக, ஒரு கீறல் இல்லாமல், சிரித்தபடி இருந்தது.

இன்னொன்று வெடித்தோம். அதுவும் அப்படியே. வரிசையாக வெடித்துக்கொண்டே போனோம், அந்தப் பொட்டல் முழுக்கத் துண்டுக் காகிதம், நடுவே அங்கங்கே அவள் முகம். நம்பினால் நம்புங்கள், எல்லாமே மேல்நோக்கித்தான் கிடந்தன, ஒன்றுகூடக் குப்புற விழவில்லை. அதே பேப்பரில், அதே மையில் அச்சடித்த பழைய அம்மன் லேபிளையும் ஒட்டி வெடித்துப் பார்த்தோம், அது கிழிந்து பறந்துவிட்டது.

"வார்னிஷ் கொஞ்சம் தடிமனா விழுந்திருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

"அப்ப சாமி மட்டும் எப்படிக் கிழிஞ்சிச்சு?" என்றார் அவர். "வெடிச்சா கிழியணும் தாயி. இங்கன கிழியலைன்னா வேற எங்கனயோ கிழியுதுன்னு அர்த்தம்."

இப்படிப் பேசுகிற ஆளே இல்லை அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை, குனிந்து ஒவ்வொரு முகமாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளியிடம் சொன்னபோது, அட நல்லதுதானே, வெடித்த பிறகும் விளம்பரம் நிற்கும் என்று சந்தோஷப்பட்டார். லோடு கிளம்பத் தொடங்கியது.

அந்த வாரக் கடைசியில் முத்துமாரி போன் செய்தாள். அவர்கள் கம்பெனி வாசலில் விரலை வைத்து வருகை பதிகிற மெஷின்தான் முன்பு இருந்தது. மருந்தில் வேலை செய்கிற கையில் ரேகை ஏது, பாதிப் பேருக்கு விரல் பதியாது. அதனால் முகத்தைக் காட்டினால் திறக்கிற மெஷின் வைத்திருந்தார்கள். சில நாளாக அது இவள் முகத்தை ஏற்கவில்லையாம். "புதுசா ஒரு போட்டோ கேக்காக. நீங்க எடுத்தா நல்லா விழும்லக்கா" என்றாள். இந்த மெஷின்களின் லட்சணம் எனக்குத் தெரியாததா, சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.

மத்தியான வெயில். அவள் வீட்டு வாசல் படியில் அவளை உட்கார வைத்தேன். குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. என் கேமராவில் மனித முகம் தெரிந்தால் அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் ஒன்று வரும், அதை வைத்துத்தான் அது தெளிவு பிடிக்கும். குழந்தையின் முகத்தில் கட்டம் வந்தது. உள்ளே டிவிக்கு மேலே, நான் கொடுத்த லேபிள் படத்தைக் கருப்பசாமி சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அத்தனை தூரத்தில், இருட்டுக்குள் இருந்த அந்தப் படத்தின் மேலும் கட்டம் வந்தது. எதிரே வெயிலில் உட்கார்ந்திருக்கும் முத்துமாரி முகத்தில் வரவில்லை. தள்ளி உட்கார், நிமிர்ந்து பார், பொட்டை மாற்று என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். வரவே இல்லை. கையால் தெளிவு பிடித்து ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கேமராவைச் சர்வீசுக்குக் கொடுத்தேன், ஒரு பழுதும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆடி போய் ஆவணி வந்தது, வடக்கே பண்டிகைகள் தொடங்கி வெடி வெடிக்கிற நேரம். ஒரு நாள் முத்துமாரி அச்சகத்துக்கே வந்துவிட்டாள். ரிசப்ஷனில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், நான் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். "எக்கா" என்ற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். கம்ப்யூட்டரில் அந்த முகத்தைப் பெரிதாக்கி வைத்து, புருவத்தில் ஒரு முடி விடாமல் நாள்கணக்காகப் பார்த்தவள் நான்.

"நீங்களுமாக்கா?" என்றாள்.

வேன் டிரைவர் ஏற விடாமல் யாரம்மா நீ என்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரி குடம் கடன் கொடுக்க யோசிக்கிறாளாம். கருப்பசாமியே ரோட்டில் எதிரே வந்தவர் அவளைப் பார்த்துவிட்டு வண்டியை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டாராம். "அவுகளக்கூட விடுங்க, கோட்டிக்கார மனுசன். பாப்பா ரெண்டு நாளா தூங்கி முழிச்சதும் என்னையப் பாத்து அழுகுறா. சத்தங்குடுத்தாத்தான் அம்மான்னு வாரா." இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

அவளை நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன், அம்மா பார்க்கட்டும் என்று. அம்மா கண் இமையை விலக்கிப் பார்த்து, கழுத்தைத் தடவி, வீக்கம் இருக்கிறதா, பேச்சில் குழறல் இருக்கிறதா என்று நிதானமாகச் சோதித்தார். ரத்தம் கொஞ்சம் குறைச்சல், மற்றபடி ஒன்றுமில்லை, கீரை சாப்பிடு என்றார். கை கழுவ உள்ளே போனார். ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தவர், நாற்காலியில் இருந்தவளைப் பார்த்து, "வாம்மா, யாரு நீ? எப்ப வந்த?" என்றார். அம்மாவுக்கு ஞாபக மறதி கிடையாது, இன்றைக்கும் கல்லூரியில் கூடப் படித்தவர்கள் பெயரை இனிஷியலோடு சொல்வார். முத்துமாரி எழுந்து நின்று, "நான் முத்துமாரிம்மா" என்றாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் கேட்டாள். "எக்கா, குடுத்த சம்மதத்தத் திரும்ப வாங்கிக்கிடலாமா?"

"தாராளமா வாங்கலாம்" என்றேன். சட்டப்படி அது எந்த அளவுக்குச் சரி என்று எனக்கு அப்போது தெரியாது, இப்போதும் தெரியாது. அவளிடம் வேறென்ன சொல்வது?

"அப்ப வாங்கிக்கிட்டேன்" என்றாள். சேலை இருந்த பையையும் நீட்டினாள். நான் அதைத் தொடவில்லை.

முதலாளியிடம் போய், சுப்பையா அண்ணாச்சி சொன்னதையும் சேர்த்துச் சொல்லி, அந்த லேபிளை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, முழுதாகக் கேட்டார். "ஏம்மா பியூலா, கர்த்தரக் கும்பிடுற பொண்ணு நீ, நீயே இப்படிப் பேசுனா எப்படி?" என்றார். ஆனாலும் அன்றைக்கே அந்த லேபிளை நிறுத்தினார், அச்சுத் தகட்டை என் முன்னாலேயே அழிக்கச் சொன்னார், இருந்த தாள்களை எல்லாம் அறுத்துப் போட்டார். கம்பெனியிலும் பேசினார். "போன லோட நான் எப்படிம்மா திருப்ப முடியும்? பீகார் வரைக்கும் போயிருச்சு. கடை கடையாப் பிரிஞ்சிருச்சு." அது உண்மைதான். சரக்கில் பெரும்பகுதியைக் கொண்டுபோனதே கருப்பசாமி லோடு ஏற்றிய லாரிகள்தான். அந்த மனிதர் என்னோடு சேர்ந்து சிவகாசி ரோட்டுக் கடைகளில் ஏறி இறங்கி, அந்த வெடி இருந்த பெட்டிகளை எல்லாம் விலைக்கு வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஊறிய காகிதத்தில்கூட அவள் முகம் கரையவில்லை. அதைப் பார்த்துவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதார்.

தீபாவளி நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே நாளில் நாடு முழுக்க அவள் முகம் ஒட்டிய வெடிகளை வெடிப்பார்கள். யாருக்கோ பைத்தியம் பிடித்திருக்கிறது, அது எனக்கா அவளுக்கா என்று யோசிப்பேன். முத்துமாரி அழுகையை நிறுத்திவிட்டிருந்தாள், ஒரு வேலையில் இறங்கியிருந்தாள். போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, "யாழினி, அம்மா எங்க?" என்பாள். குழந்தை ஓடி வந்து போர்வைக்குள் நுழையும். சுவருக்குப் பின்னால் நின்று கூப்பிடுவாள், இருட்டு அறையிலிருந்து கூப்பிடுவாள். "மூஞ்சி போனாப் போகட்டும்க்கா. இத வச்சுக்கிட்டு நான் என்ன சினிமாவுக்கா போகப்போறேன்? கொரல வச்சு எம்பிள்ள என்னையக் கண்டுபிடிச்சிட்டாப் போதும்." அந்த ஒன்றுக்காகத்தான் நானும் ஜெபம் செய்தேன்.

தீபாவளி அன்று மத்தியானமே அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் நம் பக்கத்து வெடியெல்லாம் வெடித்து முடிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. கருப்பசாமி ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். வடக்கே சாயங்காலம்தான் வெடிப்பார்கள். பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் அவள் பேச ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. யாழினி பிறந்த கதை, முதல் பல் முளைத்த கதை, ஆடு கடித்த கதை. நடுநடுவே ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்வாள், தோள் லேசாக ஆடும், மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடருவாள். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்லக்கா. ஈரக் கையால மூஞ்சியத் தொடைக்கிற மாதிரி இருக்கு" என்றாள். தெருவில் சின்னப் பிள்ளைகள் மத்தாப்பு சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

ஒரு கட்டத்தில் பேச்சு தானாக நின்றது. மெதுவாக விளக்குப் பக்கம் திரும்பினாள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். காயம் இல்லை, கருகல் இல்லை, கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன, எதுவும் குறையவில்லை. ஆனால் நான் கண்ணைச் சிமிட்டினால் அந்த முகம் எனக்கு மறந்து போயிற்று. மறுபடி புதிதாகப் பார்க்க வேண்டியிருந்தது. மறுபடி மறந்து போயிற்று. கருப்பசாமி ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார்.

குழந்தையும் பார்த்தது. அழவில்லை. பஸ்ஸில் தெரியாதவர்கள் மடியில் உட்கார வைத்தால் குழந்தைகள் நாசூக்காக நழுவி இறங்குமே, அப்படி இறங்கியது.

"யாழினி, அம்மா எங்க?" என்றாள் முத்துமாரி.

குழந்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. குரல் தெரிந்துவிட்டது. ஓடியது, டிவி இருந்த பக்கம் ஓடி, ஸ்டூலில் ஏறி, சுவரில் இருந்த லேபிள் படத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "அம்மா இங்கன" என்றது. மறுபடி கூப்பிட்டாள். குழந்தை அந்தக் காகிதத்தைப் பார்த்தே "ம்" கொட்டியது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதில் அந்தப் படத்துக்குத்தான் போயிற்று. கருப்பசாமி பாய்ந்து எழுந்து படத்தைக் கிழிக்கப் போனார். முத்துமாரிதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. அதையும் கிழிச்சிட்டா அவளுக்கு அம்மா இல்லாமப் போயிரும்" என்றாள். நான் வெளியே வந்து கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு ஒரு தீபாவளி வந்து போய்விட்டது. அவள் உயிரோடுதான் இருக்கிறாள், வேலைக்கும் போகிறாள், இப்போது ஒரு தீப்பெட்டி ஆபீசில், அங்கே முகம் காட்டுகிற மெஷின் இல்லை. வீட்டுக்குள் நுழையும்போது "நான் முத்துமாரி" என்று சொல்லிக்கொண்டே நுழைவாள் என்று கருப்பசாமி சொன்னார். குழந்தை அவளோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறதாம், சோறு ஊட்டினால் சாப்பிடுகிறதாம். சித்தி என்று கூப்பிடுகிறதாம். அவளும் யார் சித்தி என்று கேட்காமல் போய் நிற்கிறாளாம்.

நான் தெருவில் யாரையும் தனியாகப் படம் எடுப்பதை விட்டுவிட்டேன். திருவிழா, பொருட்காட்சி என்று கூட்டம் எடுக்க வேண்டி வந்தால் மட்டும் எடுக்கிறேன். முத்துமாரிக்கு நடந்ததற்கு என்ன காரணம் என்று நீங்கள் கேட்டால், வார்னிஷ் என்பேன், தைராய்டு என்பேன், ஊர் முழுக்க ஒருவரையொருவர் பயமுறுத்திக்கொண்டோம் என்பேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

ஆனால் இதை மட்டும் பாருங்கள். என் போனில் இருக்கிற படங்களை அதுவே ஆள் வாரியாகப் பிரித்து வைக்கும், எல்லாப் போனிலும் இப்போது இருப்பதுதான். முத்துமாரி பெயரில் இருந்த தொகுப்பில் ஆரம்பத்தில் கேமராவிலிருந்து ஏற்றிய அந்த வேன் நிறுத்தப் படம் ஒன்றுதான் இருந்தது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்தைப் படம் எடுத்தாலும், அதில் இருக்கிற ஏதோ ஒரு பெண்ணின் முகத்தை வெட்டி எடுத்து, அந்தப் பழைய சிரிப்புக்குப் பக்கத்தில் வைத்து, இவர் இதே நபரா, வேறு நபரா என்று கேட்கிறது. போன வாரம்கூடக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெண், ஒருத்திக்கும் மற்றவளுக்கும் துளி ஜாடை கிடையாது. மற்றவர்களிடம் காட்டினால், சம்பந்தமே இல்லையே, வேறு நபர் என்று அழுத்திவிட்டுப் போ என்கிறார்கள். எனக்கு விரல் வரமாட்டேன் என்கிறது. அந்தக் கூட்டத்தில் அவளும் நின்றிருந்தால், என்னைப் பார்த்துக் கையசைத்திருந்தால், எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விகள் ஒன்றுக்குக்கூட இன்னும் பதில் போடாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.